பத்மினியிடம் இருந்த எண்பது மில்லிமீட்டர்

என் தந்தையார் 1984ஆம் ஆண்டு வாங்கிய பிரீமியர் பத்மினியை நான் மூன்று முறை தாழ்த்தியிருக்கிறேன். இரண்டு முறை மீண்டும் உயர்த்தியிருக்கிறேன். இந்த ஐந்து வேலைகளுக்கும் ஆன செலவில் இன்னொரு பழைய பத்மினியையே வாங்கியிருக்கலாம் என்று என் மனைவி சொல்வதுண்டு. கணக்குப் போட்டுப் பார்க்க எனக்குத் துணிவில்லை. ஆனால் ஒரு காரின் உயரம் எதனால் ஆனது என்பதை அந்த ஐந்து வேலைகளும் சேர்ந்துதான் எனக்குப் புரிய வைத்தன என்பதால், பழைய வண்டியைத் தாழ்த்தும் ஆசையோடு அலைகிற நம் பக்கத்து இளைஞர்களுக்காக இதை எழுதி வைக்கிறேன்.

பத்மினி என்பது இத்தாலியின் ஃபியட் 1100தான். பம்பாய் குர்லாவில் பிரீமியர் நிறுவனம் 1964 முதல் உருவாக்கிய அந்த வண்டி, 1970களின் நடுவில் பத்மினி என்ற பெயரைப் பெற்றது. பெருந்துறைப் பக்கத்துப் பெரியவர்களுக்கு இன்றைக்கும் அது "பியட்டு"தான். 1089 சி.சி. எஞ்சின், ஸ்டீயரிங் தண்டிலேயே கியர், முன்புறம் சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆடும் இரட்டை ஆர்ம்களும் காயில் ஸ்பிரிங்கும், பின்புறம் ஒரே அச்சும் பட்டை ஸ்பிரிங்கும். அப்பா பதிவு செய்து பல ஆண்டுகள் காத்திருந்து வாங்கியவர். ஈரோட்டு மஞ்சள் மண்டிக்குப் போக வர அவருக்கு வேறு வண்டி கிடையாது. மாதிரி காட்ட எடுத்துப்போகும் மூட்டைகள் டிக்கியிலும் பின்னிருக்கையிலுமாக ஏறும். பின்புறம் உட்கார்ந்துவிடுகிறது என்று, அவர் திருச்செங்கோட்டில் லாரிகளுக்கும் ரிக் வண்டிகளுக்கும் பட்டை கட்டும் ஒரு பட்டறையில் பக்கத்துக்கு ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்து, கேம்பரையும், அதாவது பட்டையின் வளைவையும், ஏற்றி வாங்கி வந்தார். மூட்டை இருக்கும்போது வண்டி நேராக நின்றது. மூட்டை இல்லாத நாள்களில், தண்ணீர் குடிக்கக் குனிந்த எருமையைப் போல மூக்கைத் தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. நான் பள்ளிக்குப் போய் இறங்கிய கார் அந்த நிலையில்தான் இருந்தது. சக மாணவர்களின் கேலியும் அதற்கேற்றபடி இருந்தது. தாழ்த்த வேண்டும் என்ற என் ஆசைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதல் முறை தாழ்த்தியபோது எனக்கு ஒன்றும் தெரியாது. பின்புறத்தில் அப்பா சேர்த்த பட்டையைக் கழற்றியது சரியான வேலை. முன்புறத்துக்கு ஒரு பட்டறையில், ஸ்பிரிங்கை வண்டியிலிருந்து கழற்றாமலேயே கேஸ் கட்டரால் இரண்டு சுருள்களைச் சிவக்கக் காய்ச்சினார்கள். வண்டியின் எடையே அவற்றை நசுக்கி, கண்ணெதிரே இரண்டு அங்குலம் இறங்கியது. அரை மணி நேர வேலை என்பதால் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஸ்பிரிங் எஃகு என்பது காய்ச்சிக் குளிர்வித்து, மறுபடி அளவான சூட்டில் பதப்படுத்தப்பட்ட எஃகு. அதைச் சிவக்க வைத்தால் அந்தப் பதம் போய்விடும்; அந்த இடத்தில் அது வெறும் வளைந்த கம்பி. மூன்று மாதத்தில் இடப்புறம் ஒரு விரல்கடை கூடுதலாக இறங்கிவிட்டது. சூடேறிய சுருள்கள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்து, மிச்சமிருந்த நான்கைந்து சுருள்கள் மட்டும் வேலை செய்தன. புதிய தொழிற்சாலை ஸ்பிரிங் ஒரு ஜோடி தேடிப் பிடித்து மாட்டினேன். அது முதல் உயர்த்தல்.

இரண்டாம் முறை படித்துவிட்டுச் செய்தேன். அரைகுறைப் படிப்பு எதையும் படிக்காததைவிட அதிகச் செலவு வைக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஸ்பிரிங்கைக் கழற்றி, வெட்டும் இடத்தில் சூடேறாமல் தண்ணீர் விட்டு அறுத்தால் பதம் கெடாது என்பது உண்மை. வெட்டிய ஸ்பிரிங் விறைப்பாகும் என்பதும் உண்மை: வேலை செய்யும் சுருள்கள் ஏழு இருக்கும் ஸ்பிரிங்கில் ஒன்றை எடுத்தால், விறைப்பு ஏழின் கீழ் ஆறு என்ற விகிதத்தில், அதாவது ஏறத்தாழ 17 சதவீதம் கூடும். நான் கவனிக்காமல் விட்டது நெம்புகோல் கணக்கு. ஸ்பிரிங் சக்கரத்தின் நடுவில் உட்காரவில்லை. கீழ் ஆர்மின் நடுவில் எங்கோ உட்கார்ந்திருக்கிறது. ஆர்மின் பாதித் தொலைவில் அது அமர்ந்திருந்தால், ஸ்பிரிங்கில் குறையும் 10 மி.மீ., சக்கரத்தில் 20 மி.மீ. ஆகிவிடும். ஒரு அங்குலம் என்று நினைத்து வெட்டினேன். வண்டி 60 மி.மீ. இறங்கியது. பின்புறத்தை அதற்கு இணையாக்க, பட்டைக்கும் அச்சுக்கும் இடையே கட்டை வைத்து 50 மி.மீ. இறக்கினேன். என் வண்டியில் அச்சு பட்டைக்கு மேலே உட்கார்ந்திருப்பதால் இடையில் வைக்கும் கட்டை உடலைக் கீழே இறக்குகிறது. பட்டை அச்சுக்கு மேலே இருக்கும் லாரியில் அதே கட்டையை வைத்தால் வண்டி உயரும். அத்தோடு நில்லாமல் 155/80 டயர்களை (அகலம் 155 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 80 சதவீதம்) எடுத்துவிட்டு 165/65 டயர்களையும் போட்டேன். 14 அங்குல ரிம்மில் முதலாவதன் விட்டம் 604 மி.மீ., இரண்டாவதன் விட்டம் 570; பாதிக் கணக்கில் இன்னும் 17 மி.மீ. இறக்கம். ஸ்பீடோமீட்டர் 60 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 57இல்தான் போனது, அது வேறு.

பார்க்க அழகாக இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. மாலை வெயிலில் களத்துமேட்டில் நிறுத்திவிட்டுக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே இரண்டு விரல் போகும் இடைவெளி; பின்புறம் தூக்கிய எருமை போய், படுத்திருக்கும் காங்கேயம் காளை வந்திருந்தது.

மறுவாரம் அம்மா, அத்தை, மனைவி மூவரையும் ஏற்றிக்கொண்டு ஊர்ப்புறச் சாலை வழியாகச் சென்னிமலைக்குப் புறப்பட்டேன். பவானிசாகரில் தொடங்கி ஏறத்தாழ 200 கி.மீ. ஓடும் கீழ்பவானி வாய்க்காலும் அதன் கிளைகளும் எங்கள் பகுதியின் உள்சாலைகளைப் பல இடங்களில் குறுக்கிடுகின்றன; குறுக்கிடும் இடத்திலெல்லாம் ஒரு சிறு பாலம், கூரை முகடு போல ஏறி இறங்கும். அப்படி ஒரு பாலத்தில் முன்சக்கரங்கள் மறுபுறம் இறங்கியதும், வண்டியின் வயிற்றில் இருந்து, குடத்தைச் சிமெண்டுத் தரையில் இழுத்தது போன்ற ஒலி எழுந்தது. சைலன்சர் குழாயின் இணைப்பு முகட்டில் அமர்ந்துவிட்டது. மூவரையும் இறக்கிவிட்டு வண்டியை மறுபுறம் தள்ளினேன். அன்று போக வர எல்லா முகட்டிலும், பெரும்பாலான வேகத்தடைகளிலும் அவர்கள் இறங்கி நடந்தார்கள். வெறும் வண்டியாக நான் கடந்து, அந்தப் பக்கம் காத்திருந்தேன். "மாட்டுவண்டியில போனாக்கூட ஏத்தத்துல மட்டுந்தான் எறங்கோணும், இதுல மேட்டுக்கு மேடு எறங்கோணுமா சாமி?" என்று அம்மா கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே அறிந்துகொள்ளத்தான் கேட்டார்.

வீட்டுக்கு வந்து டேப்பை எடுத்தேன். அதை முதலிலேயே எடுத்திருக்க வேண்டும். தொழிற்சாலை உயரத்தில் அந்தக் குழாய் இணைப்பு தரையிலிருந்து 142 மி.மீ. இருந்ததை முன்பு குறித்து வைத்திருந்தேன், இப்போது 70. பத்மினியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தொலைவு 2340 மி.மீ. இந்த இரண்டு எண்கள் போதும், வண்டி எவ்வளவு கூர்மையான முகட்டைத் தொடாமல் தாண்டும் என்று கணக்கிட்டுவிடலாம். முன்பு ஏறத்தாழ 14 பாகை. நான் ஆக்கி வைத்தது 7 பாகை. சரிபாதி.

வேகத்தடைக் கணக்கு இன்னும் வேடிக்கையானது. இந்தியச் சாலைக் காங்கிரசின் வரையறைப்படி வேகத்தடை என்பது 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 செ.மீ. உயரமும் கொண்ட, 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் துண்டு. பத்மினியின் சக்கரங்கள் அதன் இரு சரிவுகளிலும் நிற்கும்போது, நடுவில் மேடு வண்டியின் வயிற்றை நோக்கி வெறும் 40 மி.மீ. மட்டுமே எழும். அதாவது ஒழுங்காகப் போட்ட வேகத்தடையை 70 மி.மீ. உயரமுள்ள கார் கூட எளிதாகத் தாண்டிவிடும். நம் ஊர்களில் பள்ளிக்கூடத்து முன்பும், அவரவர் வீட்டு முன்பும், ஒரு முழ அகலத்தில் முழங்கால் சில்லைப் போல எழுப்பி வைத்திருப்பவை எந்த வரையறையிலும் சேராதவை. ஆனால் எல்லாப் பழியையும் அவற்றின் மீது போட முடியவில்லை. நான்கு பேர் ஏறியதும் என் வண்டி மேலும் 34 மி.மீ. இறங்கியது, மிச்சம் 36. ஒழுங்கான வேகத்தடைக்கும் அது போதாது.

வயிறு தட்டுவது கண்ணுக்குத் தெரிகிற குறை. அதைவிடப் பெரியது உள்ளே இருந்தது. முன்சக்கரம் மேடு ஏறும்போது ஆர்ம் மேலே போய் ரப்பர் ஸ்டாப்பரில் முட்டும் வரை உள்ள தொலைவை அளந்தேன்: தொழிற்சாலை உயரத்தில் 80 மி.மீ. அந்த வண்டியின் சொகுசு என்று நாம் சொல்வது எல்லாம் அந்த எண்பதுக்குள்தான் நடக்கிறது. அதில் 60ஐ நான் அழகுக்குக் கொடுத்துவிட்டு 20ஐ மட்டும் வைத்திருந்தேன். ஒவ்வொரு குழியிலும் ஸ்பிரிங் வேலையை முடிக்கும் முன்பே ஆர்ம் ரப்பரில் முட்டியது. அந்த அடி நேராக உடலுக்குப் போனது. பத்மினிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, உடலே சேசிஸ். ஆறு மாதத்தில் முன் மட்கார்டின் உட்புற வெல்டிங் ஓரத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு தெரிந்தது. தாழ்த்துவது என்றால் உயரத்தைக் குறைப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் நாம் வெட்டி எறிவது சக்கரத்தின் பயணத்தை. உயரம் அதோடு சேர்ந்து போகிறது, அவ்வளவுதான்.

திம்பம் மலைப்பாதை இன்னொன்றையும் காட்டியது. சத்தியமங்கலத்தைத் தாண்டி 27 கொண்டை ஊசி வளைவுகள். தாழ்ந்த வண்டி வளைவில் ஒட்டிக்கொண்டு போகும் என்று எதிர்பார்த்தேன். வண்டி முன்பைவிட அதிகமாகச் சாய்ந்தது. கீழ் ஆர்ம்கள் வெளிப்புறமாக மேல்நோக்கிச் சரிந்துவிட்டால், வண்டி எந்தப் புள்ளியை மையமாக வைத்துச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, வண்டியின் எடைமையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடுகிறது; இரண்டுக்கும் இடைத்தொலைவு கூடியதும், சாய்க்கும் நெம்பு நீளமாகிறது. ஸ்டீயரிங் ராடும் ஆர்மும் ஒரே சாய்வில் இல்லாததால், சிறு மேட்டில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் தானாகவே அரைப் பாகை திரும்பியது. வீல் அலைன்மெண்ட் மூன்று முறை செய்தேன். அலைன்மெண்ட் என்பது நிற்கும் வண்டிக்குச் செய்வது. ஓடும் வண்டியில் ஆர்ம் ஆடும்போது மாறுவதை அது திருத்தாது. 4000 கி.மீ.க்குள் முன் டயர்களின் உட்புற ஓரம் மொட்டையாகிவிட்டது.

வண்டியைத் தாழ்த்துவதை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இருந்தவர்கள். 1950களின் இறுதியில் அந்த மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது: மாற்றம் செய்யப்பட்ட காரின் எந்தப் பகுதியும் சக்கர ரிம்மின் அடிவிளிம்பைவிடத் தாழ்ந்திருக்கக் கூடாது. அதைச் சமாளிக்கத்தான் ரான் அகிர்ரே என்பவர் 1959 வாக்கில் தன் கார்வெட்டில் விமானத்தின் ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்தினார். போலீசைக் கண்டால் கார் உயரும், தாண்டியதும் இறங்கும். அந்தக் குறும்பு எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்தச் சட்டத்தில் இருந்த அறிவு இன்னும் பிடிக்கும். டயர் வெடித்துக் காற்று முழுவதும் போனால் வண்டி ரிம்மில் இறங்கும். ரிம்மைவிடத் தாழ்ந்த எதுவும் அப்போது சாலையை உழும். அது பிரேக் குழாயாகவோ ஸ்டீயரிங் ராடாகவோ இருந்துவிட்டால் பேச்சே இல்லை. என் வண்டியில் 165/65 டயரில் ரிம்மின் அடிவிளிம்பு தரையிலிருந்து 70 மி.மீ.; குழாய் இணைப்பும் 70. சரியாகத்தானே இருக்கிறது என்று ஒருகணம் தோன்றியது. ஆனால் ஆள் ஏறும்போது ரிம் இறங்குவதில்லை, குழாய்தான் இறங்குகிறது. அன்றே வெட்டிய ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டேன். அது இரண்டாவது உயர்த்தல்.

நம் சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் வரையறுத்ததற்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆர்.சி. புத்தகத்தில் தரை உயரத்துக்கென்று ஒரு கட்டம் இல்லை என்பதைப் பாதுகாப்பாக எண்ணிக்கொள்ள வேண்டாம். எனக்கு வேறொரு கணக்கும் இருந்தது. 2021இல் வந்த விதிகளின்படி, 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாமல் காக்கப்பட்ட வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்யலாம். என் வண்டிக்கு அது 2034இல்தான் வரும். ஆகவே மூன்றாம் முறை செய்யும் எதுவும், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பழையபடி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும், வெட்டும் வெல்டிங்கும் கூடாது என்று முடிவு செய்தேன்.

மூன்றாம் முறை, எவ்வளவு தாழ்த்தலாம் என்று கேட்கவில்லை. எண்பதில் எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்டேன். 50 மி.மீ. கைவசம் இருக்க வேண்டும் என்று நிறுத்தினேன். கொடுக்க முடிந்தது 30. பயணம் குறைந்ததால் விறைப்பு கூட வேண்டும், ஆனால் வெட்டுவதால் அல்ல. கோவையில் ஒரு ஸ்பிரிங் பட்டறையில் குட்டையான, சற்றே தடித்த கம்பியில் புதிதாகச் சுற்ற வைத்தேன். கம்பியின் தடிமன் விறைப்பில் நான்காம் அடுக்காகப் பேசும், 12 மி.மீ. கம்பியை 12.5 ஆக்கினாலே 18 சதவீதம் கூடிவிடும் என்பதால், அரை மில்லிமீட்டருக்கு மேல் ஆசைப்படக் கூடாது என்று அங்கிருந்தவர் கறாராகச் சொன்னார். ஷாக் அப்சர்பரும் குட்டையானதாக வேண்டும். பழையதை விட்டால் அதுவே உள்ளே முட்டும் ஸ்டாப்பராகிவிடும். பின்புறத்துக்கான 30 மி.மீ. கட்டையைக் கோவையின் கணபதிப் பகுதியில் ஒரு லேத் பட்டறையில் ஒரே இரும்பில் கடைந்து வாங்கினேன். பட்டையின் சென்டர் போல்ட் தலை உட்காரக் கீழே குழி, அச்சில் உட்கார மேலே குமிழ். இரண்டு கட்டைகளை அடுக்குவது, மரத்தை வைப்பது, அச்சையும் பட்டையையும் சேர்த்துக் கட்டும் பழைய யூ போல்ட்டையே இழுத்துப் போடுவது ஆகிய மூன்றையும் நான் பார்த்திருக்கிறேன். அச்சு நகர்ந்தால் வண்டி நம் கையில் இல்லை.

நீளமான யூ போல்ட்டுக்காகத் திருச்செங்கோட்டில் அப்பா போன அதே பட்டறைக்குப் போனேன். பழைய மேஸ்திரியின் மகன் நடத்துகிறார். விவரம் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஏத்தறதுக்குத்தானுங்க எல்லாரும் இங்க வருவாங்க, எறக்கோணும்னு வந்தது நீங்கதானுங்க மொத ஆளு." பட்டைகளைப் பிரித்து, துருவைத் தேய்த்து, கிரீஸ் தடவிக் கட்டிக் கொடுத்தார். கட்டை வைப்பதைவிடக் கேம்பரை அடித்துக் குறைப்பது எளிது என்று அவர் கருதினார். மூலப் பட்டையில் கை வைக்க எனக்கு மனமில்லை. அவர் வாயில் கேம்பர் என்றால் பட்டையின் வளைவு. அலைன்மெண்ட் கடையில் கேம்பர் என்றால் சக்கரத்தின் சாய்வு. இந்த ஒரு சொல்லால் நான் இரண்டு இடங்களிலும் அரை மணி நேரம் பேசி எதுவும் புரியாமல் திரும்பியிருக்கிறேன்.

ஸ்பிரிங் மாற்றுவதை வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று: அமுக்கிய காயில் ஸ்பிரிங் கட்டவிழ்த்த காளையைவிடக் கொடியது. கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கி, ஸ்பிரிங்கைச் சுற்றிச் சங்கிலி, எதிரே யாரும் நிற்காமை ஆகிய மூன்றும் இல்லாமல் நட்டில் ஸ்பானரை வைக்காதீர்கள். மாட்டிய பிறகு சக்கரங்களைத் தொங்கவிட்டுப் பிரேக் ஓஸ் இழுபடுகிறதா என்று பாருங்கள். ஹெட்லைட்டைத் திரும்பவும் ஏற்றி வையுங்கள்.

155/80 டயருக்கே திரும்பிவிட்டேன். குழாய் இணைப்பின் போல்ட்டுகள் மேலும் கீழுமாக இருந்ததைப் பக்கவாட்டுக்குத் திருப்பியதில் 10 மி.மீ. இலவசமாகக் கிடைத்தது, இப்போது வெறும் வண்டியில் 122, நான்கு பேரோடு 92, ரிம் விளிம்பு 87. முகட்டுக் கணக்கு 12 பாகை. மட்கார்டு இடைவெளியில் நான்கு விரல் போகிறது. அறியாதவர்கள் இதைத் தாழ்த்திய வண்டி என்று கண்டுபிடிப்பதில்லை. பத்மினி வைத்திருந்தவர்கள் மட்டும் ஒரு நொடி நின்று, ஏதோ மாறியிருக்கிறது என்று பார்க்கிறார்கள்.

போன மாதம் அதே வாய்க்கால் பாலத்துக்கு முன் பழக்கத்தில் அம்மா கதவுப் பிடியில் கை வைத்தார். வேண்டாம் என்றேன். தட்டவில்லை.

தொழிற்சாலை ஸ்பிரிங் இரண்டும், அப்பா சேர்த்த பட்டைகள் இரண்டும் எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றிய நிலையில் மாட்டுக்கொட்டகைப் பரணில் இருக்கின்றன. வலப்புற முன்பக்கம் இடப்புறத்தைவிட 4 மி.மீ. தாழ்ந்திருக்கிறது, நான் உட்கார்ந்தால் 9. ஸ்பிரிங்குக்கு மேல் உள்ள ரப்பர் வளையம்தான் காரணமாக இருக்க வேண்டும். மஞ்சள் அறுவடை முடிந்ததும் அதை மாற்றிப் பார்க்கப் போகிறேன்.